லாமார் சொன்ன சாட்சி

"நானும் எம் புருஷனும் பிரிஞ்சதும் எம் பையன் சர்ச்சுப் பக்கமே தலைவைக்கல. உம் பையனும் அப்படித்தான் ஆவான் பாரு" என்றாள் சலவைக்கூடத்தில் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரி ஹைடி. விவாகரத்தான ஒடெசாவுக்கு அன்றிலிருந்து மகன் லாமாரைப் பற்றி அதே கவலை.

ஞாயிறன்று மெம்பிஸ் நகரக் கறுப்பர் சபையில், கடவுள் தமக்குச் செய்ததை எழுந்து சாட்சி சொல்லும் நேரம். பதினாறு வயது லாமார் எழுந்தான். ஒடெசா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அப்பாவும் அம்மாவும் விவாகரத்து வாங்குன பிறகுதான் எனக்குக் கடவுள்மேல நம்பிக்கையே வந்துச்சு!"

"சொல்லு மகனே!" சபையே கைதட்டியது.

"அது எப்படிப்பா?" என்றார் பாஸ்டர்.

"தினமும் சண்டை. 'ஆண்டவரே, இவங்களப் பிரிச்சு வையும்'னு நாலு வருஷம் முழங்கால் போட்டு ஜெபிச்சேன். கேட்டுட்டாரே!"

கைதட்டப் போனவர்கள் ஒடெசாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முன்வரிசையில் ஒடெசாவும் கடைசி வரிசையில் அவன் அப்பனும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்து, "ஆமென்!" என்று கத்தினார்கள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.