கையை மட்டும் உயர்த்தவும்

"கையை மட்டும் தூக்குங்க! வாயைத் திறக்காதீங்க! எழுந்தீங்க... அவ்ளோதான்!"

வங்கிக் கொள்ளை அல்ல. மந்தாரக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த தேர்வு மையம். கீழே விழுந்த ரப்பரை எடுக்கக் குனிந்த ஒருவரைப் பாய்ந்து தடுத்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தவர், கண்காணிப்பாளர் குழந்தைவேல்.

காலையில் ஒரு சான்றிதழ்த் தேர்வு, மதியம் வேறொன்று. எது எதற்கு என்று அவர் பார்ப்பதில்லை. விதிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே!

"சார், தண்ணி பாட்டில்..." என்றாள் செந்தாமரை.

"லேபிள் கிழிக்கல. பறிமுதல்."

"லேபிள்ல என்ன சார், விடையா அச்சடிச்சிருக்கான்?"

"கேள்வி கேக்கணும்னா கையைத் தூக்குங்கம்மா."

தூக்கினாள். அவர் பார்க்கவில்லை. பார்க்காதபோது தூக்கிய கை செல்லாது. அதுவும் விதிதான்.

செந்தாமரை பல்லைக் கடித்துக்கொண்டாள். சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. 'ஷிப்டுக்கு ஒருத்தர்கிட்டயாவது அந்தச் சர்டிபிகேட் இருக்கணுமாம். திங்கக்கிழமை கொண்டாந்தா நீ. இல்லன்னா குறிஞ்சிப்பாடியிலேந்து வேற ஆளு' என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

போன முறையே எழுதியிருக்க வேண்டியது. ஹால் டிக்கெட்டில் 'கு. செந்தாமரை', ஆதாரில் 'செந்தாமரை கு'. இருவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க முடியாததால், இருவரில் ஒருவரைக்கூட குழந்தைவேல் உள்ளே விடவில்லை.

தேர்வு தொடங்கியது. ஜன்னலுக்கு வெளியே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் ஊர் ஊருக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தன. உள்ளே மின்விசிறி மட்டும் சுற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

'அறைக்குள் தின்பண்டம் கூடாது' என்ற அறிவிப்புப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, குழந்தைவேல் பாக்கெட்டிலிருந்து வறுத்த முந்திரியை எடுத்து ஒவ்வொன்றாக வாயில் வீசிக்கொண்டார்.

ஐந்தாவதோ ஆறாவதோ, வழி தவறியது.

"க்... க்..."

அறையே நிமிர்ந்தது. அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். கண் பிதுங்கியது. முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போனது.

தேர்வர்கள் உடனே செயலில் இறங்கினார்கள். எல்லோரும் கையை உயர்த்தினார்கள். சுபாஷ் என்பவர், அவசரம் கருதி, இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

அனுமதி கொடுக்க வேண்டியவர்தான் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தார். 'வாங்க, வாங்க' என்று அவர் காற்றைத் துழாவினார். 'உட்காருங்க' என்கிறார் போல என்று எல்லோரும் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தார்கள்.

செந்தாமரையின் கையும் மேலேதான் இருந்தது. ஒரு கணம். இரண்டு கணம். அவர் உதடு நீலமானது.

"அட போங்கய்யா!"

நாற்காலி பின்னால் சாய, ஒரே பாய்ச்சல். அவரை முன்னால் குனிய வைத்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். ஒன்று... இரண்டு... மூன்று...

முந்திரி பறந்தது. சுபாஷின் விடைத்தாளில், 'சி' வட்டத்தின் மேல் இறங்கியது. வெகுநேரமாக விடை தெரியாமல் தவித்தவர், முந்திரியை ஒதுக்கிவிட்டு அந்த வட்டத்தையே கறுப்பாக்கினார்.

குழந்தைவேல் மூச்சு வாங்கினார். பறிமுதல் செய்த பாட்டிலைத் திறந்து, லேபிளோடு, கடகடவெனக் குடித்தார். வாயைத் துடைத்தார். சட்டையை நீவிக்கொண்டார்.

"பேரு சொல்லுங்கம்மா."

"எதுக்கு சார்?"

"அனுமதி இல்லாம எழுந்தது. நாற்காலியத் தள்ளினது. கண்காணிப்பாளர் மேல கை வச்சது. உங்க தேர்வு ரத்து. ஆறு மாசத்துக்கு எழுத முடியாது."

"கை வைக்கலன்னா செத்திருப்பீங்க சார்!"

"செத்தா மாற்றுக் கண்காணிப்பாளர் வருவாரு. அதுக்கும் விதி இருக்கு. நீங்க கையைத் தூக்கியிருக்கலாமில்ல?"

"தூக்கிக்கினுதான் இருந்தேன். நீங்கதான் பாக்கல."

"பாக்குற வரைக்கும் காத்திருக்கணும். அங்க பாருங்க, அவங்கல்லாம் எவ்ளோ ஒழுங்கு!"

பார்த்தாள். பாதிப் பேர் இன்னும் கையை இறக்கவில்லை.

"சார், வெளயாடாதீங்க. திங்கக்கிழமை வேலை போயிடும். அந்தச் சம்பளத்துலதான் வூடே ஓடுது."

குழந்தைவேல் பேனாவை நிறுத்தினார். உயிர் பிழைத்த மனிதருக்குள் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்தது. விதிப் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"கவலப்படாதீங்கம்மா, வழி இருக்கு! 'உயிர் ஆபத்து நேரும்போது, தகுதி பெற்றவர் அனுமதியின்றி எழலாம்'னு போட்டிருக்கு. இங்க வேற யாருக்கு இந்தத் தைரியம் வந்துச்சு? நீங்க முறையாப் படிச்சவங்கதான், அடிச்ச அடியிலேயே தெரிஞ்சுது. முதலுதவி சர்டிபிகேட் வச்சிருப்பீங்களே... அதக் காட்டுங்க, இந்த ரிப்போர்ட்டையே கிழிச்சுப் போட்டுடறேன்."

செந்தாமரை அவரையே பார்த்தாள். பிறகு உயர்த்திய கைகளோடு காத்திருந்த அத்தனை பேரையும் பார்த்தாள்.

"அத வாங்கத்தான் சார் நாங்க எல்லாரும் இந்தப் பரீட்சைய எழுதிக்கினு இருந்தோம்."