யாராவது ஒருவர் பேராசைப்பட வேண்டும்

மின்சாரச் சந்தையில் முன்பெல்லாம் அவரவர் கேட்ட விலை அவரவருக்கு. என்ன கேட்பது என்று யோசித்தே, சின்ன மின் ஆலை வைத்திருந்த ஆவுடையப்பனுக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. புதிய முறையில், குறைந்த விலையிலிருந்து தொடங்கி, தேவைக்கு வாங்கியதிலேயே எது அதிக விலையோ, அதுதான் எல்லோருக்கும். இனி என்ன கவலை? பூஜ்யம் என்று போட்டால் முதல் ஆளாக எடுத்துக்கொள்வார்கள்; விலையை ஏற்றிவிடத்தான் பக்கத்து மின் ஆலைத் தவசிக்கனி அண்ணாச்சியின் பேராசை இருக்கிறதே! தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு பூஜ்யம் போட்டான். எல்லோரும் அதையே போட்டிருந்தார்கள். விலையும் பூஜ்யமானது. ஒப்புக்கொண்ட மின்சாரத்தைக் கொடுத்தே ஆக வேண்டுமாம். கொதிகலனில் விறகு சும்மா எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு நாள் இப்படி எரிந்தால் ஆலையை மூட வேண்டியதுதான். அண்ணாச்சிக்குப் போன் போட்டான்.

“நீங்களாவது பேராசைப்படக் கூடாதா அண்ணாச்சி?”

“உன்ன நம்பித்தாம்ல நானும் பூஜ்யம் போட்டேன்.”

“நாளைக்கு நீங்க கூட்டிப் போடுங்க.”

“கூட்டுனவன் கரண்டு வேண்டாம்னுட்டா? நீ போடு. சின்ன வயசு, அடி தாங்குவ.”

நாளைய விலையைச் சொல்லும் கெடு நெருங்கியது. போனை முதலில் வைக்கிறவன் நேராகப் போய் பூஜ்யம் போட்டுவிடுவான் என்று இருவருக்குமே தெரியும்.

“சாப்ட்டியாடே?” என்றார் அண்ணாச்சி.

“இல்ல அண்ணாச்சி. நீங்க?”

 இருவருமே போனை வைக்கவில்லை. அவருடைய கொதிகலன் இரைவது மட்டும் ஆவுடையப்பனின் காதில் விழுந்துகொண்டே இருந்தது.