முதல் அழைப்பு

“சுந்தரம் சார், தெகீரி!” கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று மேனேஜர் மஞ்சுநாத், கேபிளைப் பிடுங்கச் சொல்லிக் கன்னடத்தில் குரல் கொடுத்தார்.

பிடுங்க வேண்டியது நீல நிற கேபிள். சந்தாபுரா ஆபீஸின் மெயின் லைன். அதைப் பிடுங்கினால் அதிதியின் போன் அடிக்க வேண்டும். அதுதான் டெஸ்ட்.

சர்வர் ரூமுக்குள் நின்ற சுந்தரம் நீல கேபிளைத் தொட்டார். தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

இந்த மருந்துக் கம்பெனியில் நெட்வொர்க் படுத்துவிட்டால் இத்தனை வருடமாக எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான்: சுந்தரத்தைக் கூப்பிடு. மகளுக்குக் காது குத்தும்போதுகூடக் கூப்பிட்டார்கள். மனுஷனை நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள் என்று மனைவியிடம் சலித்துக்கொண்டே மண்டபத்து வாசலுக்கு ஓடினார். அந்தச் சலிப்பு எவ்வளவு இனிப்பானது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது அதே வேலைக்கு அதிதி வந்திருக்கிறாள். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

லைன்களைக் கண்காணிக்கும் சாப்ட்வேர் முன்பே இருந்ததுதான். ஏதாவது அறுந்தால் திரையில் ஒரு பச்சைப் புள்ளி சிவப்பாகும்; யார் கண்ணிலாவது பட்டால் சுந்தரத்துக்குச் சொல்வார்கள். அதிதி அந்த சாப்ட்வேரை, அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடும் ஒரு சர்வீஸோடு இணைத்துவிட்டாள். இனி புள்ளி சிவந்ததுமே மெஷினே போன் பண்ணும். முதல் ஆள் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்கு.

முதல் ஆள் அதிதி. அடுத்த ஆள் சுந்தரம்.

அடுத்த ஆளாம்!

பொறாமைதான், வேறென்ன. அதிலும் அவள் நல்ல பெண்ணாக இருந்து தொலைத்தாள். கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் கேன்டீனில் நாலு பேரிடம் திட்டியாவது ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

வெளியே மேஜையைச் சுற்றி முதலாளி முதற்கொண்டு எல்லோரும் நின்றிருந்தார்கள். மேஜை நடுவில் அதிதியின் போன்.

சுந்தரத்தின் காலடியில், தூசு படிந்து, ஒரு சாம்பல் நிற கேபிள். அத்திபெலே குடோன் லைன். கம்பெனி சின்னதாக இருந்தபோது மழையில் நனைந்துகொண்டு அவரே இழுத்தது. எந்த வரைபடத்திலும் அது கிடையாது, அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. குடோனில் இப்போது காலி அட்டைப்பெட்டிகள்தான். லைன் அறுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அதைப் பிடுங்கினால் எந்தப் போனும் அடிக்காது. முதலாளி முன்னால் அதிதியின் முகம் தொங்கிப்போகும். அப்புறம், இதெல்லாம் நமக்குச் சரிப்படாது, சுந்தரத்தையே கூப்பிட்டுக்கொள்வோம் என்பார்கள்.

குனிந்தார். பிடுங்கினார். ஆயிற்று என்று கண்ணாடி வழியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். போன் சும்மா கிடந்தது.

முதலாளி வாட்சைத் திருப்பிப் பார்த்தார். அதிதி நகத்தைக் கடித்தாள். சுந்தரத்துக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, ஆனால் பாயசம்தான் அதிகம்.

அப்போது அவருடைய சட்டைப் பையில் போன் அலறியது.

தெரியாத நம்பர். மஞ்சுநாத் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். யாருக்கு வந்தால் என்ன, வேலை செய்கிறதே என்று போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

ஒரு மெஷின் பெண் குரல் ஆங்கிலத்தில் நிதானமாகப் படித்தது. அத்திபெலே குடோன் லைன் துண்டிக்கப்பட்டுள்ளது. பொறுப்பேற்க எண் நான்கை அழுத்தவும்.

மஞ்சுநாத்தின் சிரிப்பு நின்றது. முதலாளி வாசலில் நின்று சுந்தரத்தின் கையைப் பார்த்தார். சாம்பல் கேபிளின் முனை இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது.

அதிதி கையைப் பார்க்கவில்லை.

“அந்த லைன் என் மூத்த பிள்ளைன்னு டீ குடிக்கும்போது நீங்கதானே சார் சொன்னீங்க, தேடிக் கண்டுபிடிச்சு அதையும் சேர்த்துட்டேன்,” என்றாள். “அதுக்கு மட்டும் உங்க பேரை முதல்ல போட்டிருக்கேன்.”

நான்கை அழுத்தவும் என்று அந்தக் குரல் மறுபடியும் சொன்னது. மஞ்சுநாத் போனை அவரிடம் நீட்டினார்.

சுந்தரம் நான்கைத் தேடினார். கண்ணாடி போட்டிருந்தும் எண்களெல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தன.