பின் சீட்டு

"பின் சீட்டா?" அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதுக்கா பிளேன் ஓட்டக் கத்துக்கணும்னு வீட்டையே ரெண்டு பண்ணினே?"

மகள் அந்தக் குட்டி விமானத்தின் பின் சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

கார் வாங்கிய நாளிலிருந்து சாவி மகன் கையில்தான். மகளுக்கு எப்போதும் ஒரே உத்தரவு: "பின்னாடி உட்காரு, எதையும் தொடாதே." ஆகாயத்திலும் அவளுக்கு அதே இடம்தான் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

என்ஜின் உறுமியது. வேலியோரம் நின்ற அப்பாவின் பக்கத்தில் மகளின் பயிற்சியாளர் வந்து நின்றார்.

"சார், நீங்க ஏறலையா?"

"நான் எதுக்கு?"

விமானம் ஓடி மேலே எழும்பியது. முன் சீட்டில் ஆளே இல்லை. அப்பா வேலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, ஓட்டுறது யாரு?"

"உங்க பொண்ணுதான். இந்த ரகத்துல தனியா போறவங்க பின்னாடிதான் உட்காரணும். அப்பதான் எடை சரியா நிக்கும். லைசென்ஸ் வாங்கினதை வீட்டுல சொல்லலையா?"

அவள் ஒரு வட்டமடித்து, பூப்போல இறக்கி, வேலிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். கதவைத் திறந்தாள்.

"ஏறுங்கப்பா. முன் சீட்டு உங்களுக்குத்தான். எதையும் தொடாதீங்க."