கரிமுகனுக்கு ஆயுசு கெட்டி

"அடுத்த மாசம் அவனத் தீத்துக்கட்டிருதேன். அந்த வெந்த மூஞ்சி இனிமே ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது" என்றார் காசிராஜன். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் பாதி டம்ளரை வைத்துவிட்டு நைசாக நழுவினார்.

"பாவம் அண்ணாச்சி. போன இதழ்லதான் ஜெயில்ல இருந்து தப்பிச்சு வந்தான்" என்றாள் உமாதேவி.

காசிராஜன் கோவில்பட்டியில் காமிக்ஸ் போடுகிறவர். கதை, வசனம், ஆசிரியர் பொறுப்பு, பார்சல் கட்டுவது எல்லாம் அவரே. படம் மட்டும் உமாதேவி.

நாயகன் பெயர் உச்சிவெயிலான். வெயில் உறைத்தால் பறப்பான், மேகம் மறைத்தால் பொத்தென்று விழுவான். கதை நடப்பது கரிசல் காட்டில் என்பதால் இதுவரை விழுந்ததே இல்லை.

வில்லன் கரிமுகன். பாதி முகம் வெந்து, ஒரு கண் பிதுங்கி, பல் உதட்டுக்கு வெளியே நிற்கும். முன்னட்டை முழுக்க அந்த முகம்தான்.

அதைத்தான் வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். காசிராஜன் செல்போனில் வந்திருந்த குரல்களை ஓடவிட்டார்.

"எம் மக அட்டையப் பாத்துட்டு சோறு திங்க மாட்டேங்கா. ஒரு ரோசாப்பூவப் போட்டா குறைஞ்சா போயிருவீங்க?" இது ஓட்டப்பிடாரத்து அம்மா.

"எங்க தெருவுல தீப்பெட்டி ஆபீஸ் விபத்துல முகம் வெந்தவிய இருக்காவ. ஒருத்தராவது உலகத்த அழிக்கக் கிளம்புனாவளா? வெந்தவன்னா கெட்டவனா வே?" இது குளத்தூர்க்காரர்.

உமாதேவிக்குச் சுருக்கென்றது. "அவிய கேக்கது நியாயந்தான். ஆனா கரிமுகன் மூஞ்சியாலயா கெட்டவன்? நீங்க எழுதுத வசனத்தாலல்லா கெட்டவன்!"

"வசனத்தப் பத்தி எவனும் குறை சொல்லல" என்று காசிராஜன் விறைத்துக்கொண்டார்.

அவளுக்கு உள்ளே வேறு பயம். உச்சிவெயிலானை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே வரைந்து தள்ளிவிடுகிறது. அதற்கு வராதது கரிமுகன் மட்டும்தான். எத்தனை தடவை கேட்டாலும் அவனுக்குப் பவுடர் பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி அனுப்பி வைக்கும்.

கரிமுகன் செத்தால் உமாதேவிக்கும் வேலை போச்சு. காசிராஜன் அதை மூடி மறைக்கவும் இல்லை.

"இடைசெவல்ல போயிக் கேப்போம் அண்ணாச்சி. மதுரைக்குப் போற பொஸ்தகக் கட்டவிட அந்த ஒத்த ஊருக்குப் பெரிய கட்டு போகுது. அவியளும் வேண்டாம்னா, நானே அவனுக்குச் சாவு வரைஞ்சு தாரேன்."

பைக்கில் கிளம்பினார்கள். ஊருக்குள் தெருவுக்குத் தெரு செங்கல் அடுக்கு, எம்-சாண்ட் குவியல், பாதியில் நிற்கிற சுவர். வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டுபோய் சங்கரபாண்டியனின் பெட்டிக்கடையில் நிறுத்தினார் காசிராஜன்.

"கரிமுகன் பொஸ்தகமா? வந்த அன்னைக்கே தீந்துரும். சில வீட்ல ரெண்டு ரெண்டா வாங்குதாவ" என்றார் சங்கரபாண்டியன்.

காசிராஜன் மீசையைத் தடவிக்கொண்டு, கடைக்கு வந்த செல்வமாரியை மடக்கினார். "ஏக்கா, அந்தப் பொஸ்தகம் போடுதது நாந்தான். கரிமுகனக் கொன்னுரலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்லுதீங்க?"

செல்வமாரி பதறிப்போனாள். "ஐயையோ, அந்தப் பாவத்தச் செஞ்சிராதீங்க! அவன் வந்த பெறவுதான் எங்க வீட்டுல எல்லாம் ஒழுங்கா நடக்கு."

"பாக்கப் பயமா இல்லையா?"

"பயமா இருக்கணும்லா! இன்னுங் கொஞ்சம் அசிங்கமாப் போடுங்க. நல்லா இருக்க அந்த இன்னொரு கண்ணையும் பிதுக்கிவிடுங்க."

உமாதேவி அங்கேயே பென்சிலைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்தில் பீடி வாங்கிக்கொண்டிருந்த வன்னியபெருமாள் திரும்பினார். "ஒரே ஒரு குறைதான் தம்பி. வெயில்ல சாயம் போயிருது, ஒத்த மழைக்குத் தாங்க மாட்டேங்கு. அட்டையக் கெட்டியாப் போட்டா என்ன?"

காசிராஜன் பூரித்துப்போனார். உமாதேவியின் காதருகே குனிந்தார். "காட்டு வேலையிலயும் கைய விட்டு எறக்க மாட்டேங்காவ பாத்தியா? மழையில நனைஞ்சுக்கிட்டுப் படிக்காவம்மா!"

"அந்தப் பறக்குத பயல வேணும்னா தூக்கிருங்க" என்றாள் செல்வமாரி. "மூஞ்சி லெச்சணமா இருக்கு. அவன வச்சு என்ன செய்ய?"

அதற்கு மேல் காசிராஜனால் பொறுக்க முடியவில்லை. "உமா, கரிமுகன் சாக மாட்டான். நீ இருக்குத வரைக்கும் அவன் இருப்பான். அட்டைக்கு இனிமே லேமினேஷன்!"

உமாதேவி முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப குளத்தூர்க்காரவிய கேட்டதுக்கு என்ன சொல்ல?"

"மூஞ்சி அதே மூஞ்சி. ஆள மட்டும் நல்லவனா மாத்திருதேன்" என்ற காசிராஜன், ஒரு எழுத்தாளனுக்குரிய பணிவோடு செல்வமாரி பக்கம் திரும்பினார். "என்னக்கா, கதைய அப்படிக் கொண்டுபோனா உங்களுக்குச் சம்மதந்தான?"

செல்வமாரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"திருஷ்டிப் படத்துக்கு எதுக்கு அண்ணாச்சி கதை?"