ஒரு சாண் இடைவெளி

வீட்டைச் சூடாக்கும் விறகு உலைக்கு வெல்டிங் வைப்பதில் இந்த வட்டாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இரும்புச் சுவரில் விரிசல் விட்டால் முதலில் அதன் இரண்டு முனையிலும் ஒரு சின்னத் துளை போடுவேன். அதைத் தாண்டி விரிசல் ஓடாது. பிறகுதான் வெல்டிங்.

குளிர்காலத்துக்கு முன்னால் டீச்சர் வீட்டின் பின்புறம் நிற்கும் உலையைப் பார்க்கப் போனேன். போன வருடம் நான் அடைத்த இடம் கல் மாதிரி இருந்தது. அதற்குக் கீழே, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில், இரண்டு புதுத் துளைகள். பிசிறே இல்லை. நான் போட்டது போலவே இருந்தன. நடுவில் விரிசல் இல்லை, இரும்பு வழுவழுவென்று இருந்தது.

“இதுல யாரு கை வெச்சது, டீச்சர்?”

“உங்களைத் தவிர யாரும் தொடலைண்ணே.”

மறுநாள் அடைக்கப் போனேன். அந்தத் துளையிலிருந்து இந்தத் துளை வரைக்கும் விரிசல் ஓடியிருந்தது. ஒரு நூல்கூட மீறவில்லை. உலையை இன்னும் பற்றவைக்கவே இல்லை.

“பயப்படாதீங்க டீச்சர், இனிமே ஓடாது” என்று சொல்லி, வெல்டிங் வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் குளிக்கச் சட்டையைக் கழற்றியபோது என் மனைவி முதுகைத் தொட்டாள்.

“நெருப்புப் பொறி பட்டுருச்சா? ரெண்டு இடத்துல துளை மாதிரி இருக்கு.”

“வலிக்கலையே.”

அவள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விரலை மெல்ல இழுத்தாள். ஒரு சாண் இருக்கும்.

“நடுவுல ஒண்ணும் இல்லைங்க. வழுவழுன்னுதான் இருக்கு.”