கதவுக்குப் பின்னால்

யாரிடமும் படிக்காமல் தானாகவே வரையக் கற்றவள் அவள். "ஒரு படம்கூட என் கண்ணுல படக்கூடாது" என்று கல்யாணமான புதிதிலேயே கணவர் கறாராகச் சொல்லிவிட்டார். "சரிங்க" என்றாள்.

பதினொரு வருஷம் கழித்து, ஓவியக் கண்காட்சி நடத்தும் அம்மா ஒருவர் வந்து நின்றார். "உங்க வீட்டம்மா வரைஞ்ச படங்களைப் பாக்கணும். தெருவுல பொம்பளைங்க எல்லாரும் சொல்றாங்க."

கணவர் சிரித்தார். "வீடு மாறி வந்துட்டீங்கம்மா. இங்க படமே கிடையாது."

"இருக்கு" என்றாள் அவள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, சமையலறை அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். உள்பக்கமெல்லாம் பெண்கள். பாத்திரம் துலக்கும் பக்கத்து வீட்டு அக்கா, துணி மடிக்கும் நாத்தனார், கடைசிக் கதவில் கரண்டியோடு அவளே.

கணவர் ஒவ்வொரு கதவாகக் கிட்டே போய்ப் பார்த்தார். "இதெல்லாம் எப்போ?"

"பதினொரு வருஷமா. ஒருநாளாவது ஒரு டம்ளரை நீங்களே எடுத்திருந்தா, அன்னைக்கே மாட்டிக்கிட்டிருப்பேன்."